கிளியர் ஆல் அமுக்குவது போனுக்கு நல்லதா? ராயபுரத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் ஒரு சண்டை

ராயபுரத்தான், இரவு 9.12

அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். 61 நாள் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிந்து, கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற நேரம் இது. "போட் உள்ள வருது, ஐஸ் அனுப்பு" என்று விடியற்காலை இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் செய்தி வரும். அந்தச் சத்தத்தில்தான் அவர் எழுவார். போன வாரம் இரண்டு நாள் சத்தமே இல்லை. நாலரைக்குத் தானாக விழிப்பு வந்து வாட்ஸப்பைத் திறந்த பிறகுதான் பதினோரு செய்தியும் பொலபொலவென்று கொட்டின. அதற்குள் அங்கே வேறொருவரின் ஐஸ் இறங்கிவிட்டது.

அடுத்த நாள் இரவு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். படுக்கும் முன் சதுர பட்டனை அமுக்கி, எல்லாவற்றையும் கட்டைவிரலால் மேலே தள்ளுகிறார். பிறகு ராக்கெட் படம் போட்ட ஒரு கிளீனரைத் திறக்கிறார். ராக்கெட் பறக்கிறது, "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது" என்று வருகிறது, ஒரு விளம்பரம் ஓடுகிறது, அப்பா நிம்மதியாகப் படுக்கிறார்.

என் கட்சி இது: ஆண்ட்ராய்டு போனில் கிளியர் ஆல் அமுக்கி, திறந்த செயலிகளை எல்லாம் மொத்தமாக மூடுவது வீண் வேலை, அதிலும் கெடுதல். மறுப்பவர்கள் வரலாம்.

கொருக்குப்பேட்டை கேட், 9.31

வந்தேன் அண்ணே. உங்கள் போனில் ராம், அதாவது செயலிகள் ஓடுகிற தற்காலிக நினைவகம், எத்தனை ஜிபி? முதலில் அதைச் சொல்லுங்கள்.

என்னுடையது 3 ஜிபி. சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். வேலைச் செயலி, மேப், காதில் பாட்டு, வீட்டுக்காக வாட்ஸப். அவ்வளவுதான். வாசலில் பார்சலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லும். கேமராவுக்குப் போய்த் திரும்பினால் வேலைச் செயலி முதலிலிருந்து லோட் ஆகும். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்து மூன்றாவது மாடியில் நின்று அந்த வட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் அந்த பேஜார் தெரியும். அதனால் மாடி ஏறும்போதே மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவேன். அப்புறம்தான் கேமரா. வேலை நடக்கிறது. நீங்கள் படித்ததை நம்பவா, என் கண்ணை நம்பவா?

ராயபுரத்தான், 9.50

என்னுடையது 8 ஜிபி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஷயம் ஜிபியில் இல்லை தம்பி.

தண்ணீர் லாரிக்கு நின்றவர்கள்தானே நாம் எல்லோரும். லாரி வந்தபோது எட்டுக் குடம் பிடித்து வைத்தோம். சாயங்காலம் பார்த்துவிட்டு, "ஐயையோ, காலிக் குடம் ஒன்றுகூட இல்லையே" என்று யாராவது கொட்டுவார்களா? கிளியர் ஆல் அதைத்தான் செய்கிறது. நீங்கள் விட்டுவிட்டு வந்த செயலி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதில்லை, ராமில் தூங்குகிறது. திரும்பப் போனால் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து நிற்கும். தள்ளி மூடியிருந்தால் ஸ்டோரேஜிலிருந்து மறுபடி படிக்க வேண்டும், திரையை மறுபடி கட்ட வேண்டும், சர்வரோடு மறுபடி பேச வேண்டும். அத்தனைக்கும் பேட்டரி செலவு.

இடம் பற்றாவிட்டால் யாரை வெளியே அனுப்புவது என்பதற்கு உள்ளேயே லோ மெமரி கில்லர் என்று ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருப்பார். திரையில் இருக்கும் செயலிக்கு 0. பின்னால் பாட்டு ஓட்டுவது போன்ற, நமக்குத் தெரிந்தே நடக்கிற வேலைக்கு 200 பக்கம். சற்று முன் விட்டுவிட்டு வந்த செயலிக்கு 700. சும்மா தூங்குகிறவர்களுக்கு 900க்கு மேல். அதிக மதிப்பெண் வாங்கியவர் முதலில் வெளியே. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்.

2016இல் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரிடமே ட்விட்டரில் இதைக் கேட்டார்கள். மூடுவதால் பேட்டரிக்கு லாபம் இல்லை, கொஞ்சம் கெடவும் கூடும் என்றுதான் அவரும் சொன்னார்.

கொருக்குப்பேட்டை கேட், 10.04

குடம் கதை நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று குடம் அண்ணே. அதில் ஒரு குடத்துக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் நான் கேட்காமலே போனோடு வந்த கூட்டம் வேறு கை விடுகிறது. எட்டுக் குடம் வைத்திருப்பவர் வந்து "கொட்டாதே" என்றால் நான் என்ன சொல்ல?

நீங்கள் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் திறந்ததும் என் வேலைச் செயலி 700க்குப் போய்விடுகிறது. 900 ஆட்களை அனுப்பியும் இடம் பற்றவில்லை என்றால் அடுத்து உருளுவது என் தலைதானே?

ராயபுரத்தான், 10.15

அந்த 900 ஆட்கள் எப்படியும் முதலில் போய்விடுவார்கள் என்றுதானே நானும் சொல்கிறேன்? அது தானாகச் செய்வதை நீங்கள் கையால் செய்கிறீர்கள். அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை கேட், 10.22

எப்போது செய்கிறது என்பதுதான் கேள்வி. கேமரா திறக்கிற அதே நொடியில் ஒவ்வொருவராகப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தால் போன் திணறுகிறது, சூடாகிறது. நான் படி ஏறுகிற நேரத்தில் அந்த வேலையை முடித்து வைக்கிறேன். விருந்தாளி வந்து நின்ற பிறகு பாய் விரிப்பதும் வருமுன் விரிப்பதும் ஒன்றா?

திருவொற்றியூர் டீச்சர், 10.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தம்பி சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் என் அனுபவம் எதிராக இருக்கிறது. தினமும் மெட்ரோவில் போகிறேன். டிக்கெட்டின் கியூஆர் கோடைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குள் நுழைவேன். நடக்கும்போது பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவேன், டிக்கெட்டும் சேர்ந்து போய்விடும். பிறகு கேட்டில் நின்று முதலிலிருந்து திறக்க வேண்டும். பின்னால் வரிசை "உச்" கொட்டும். வங்கிச் செயலியை மட்டும் மூடாமல் எனக்குத் தூக்கம் வராது. அது மனசுக்காக. ராமுக்காக இல்லை.

ஒரு சந்தேகம். தள்ளி மூடுவதும் செட்டிங்ஸில் இருக்கிற ஃபோர்ஸ் ஸ்டாப்பும் ஒன்றுதானா?

எம்.சி. ரோடு சர்வீஸ், 10.58

இப்போதுதான் ஷட்டர் இறக்கினேன். டீச்சர் கேட்டது நல்ல கேள்வி. ராயபுரத்தாரின் அப்பா கேஸே அதில்தான் இருக்கிறது.

ஒன்று இல்லை. கூகுள் தரும் அசல் ஆண்ட்ராய்டில், தள்ளினால் சதுர பட்டனில் தெரிகிற அந்தச் செயலியின் கார்டு போகும், தூங்குகிற செயலியும் போகும். ஆனால் செய்தி வந்தால் மறுபடி எழுந்து சத்தம் கொடுக்கும். ஃபோர்ஸ் ஸ்டாப் அப்படி இல்லை. நீங்களே கையால் திறக்கிற வரைக்கும் செய்தி, அலாரம் எதுவும் அதற்குள் நுழையாது. செத்தது செத்ததுதான். சிக்கல் எங்கே என்றால், சில கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும் என்று, தள்ளுவதையே கிட்டத்தட்ட ஃபோர்ஸ் ஸ்டாப்பாக மாற்றி வைத்திருக்கின்றன. உங்கள் அப்பா போன் அந்த வகையாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினார், காலை நாலரைக்குத் திறந்தார். நடுவில் வாட்ஸப் இல்லை.

ராக்கெட் மேல் பழி போடாதீர்கள், அதனால் இப்போது ஒன்றும் ஆகாது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இலிருந்து ஒரு சாதாரணச் செயலியால் இன்னொரு செயலியைப் பின்னணியில் கொல்லவே முடியாது. பழைய ஆண்ட்ராய்டில் கொல்லும். கொன்றதில் பாதி அடுத்த நிமிடமே எழுந்து வந்து உட்காரும். இப்போது அது விளம்பரம் ஓட்டுகிற ராக்கெட் பொம்மை.

டெலிவரி தம்பிக்கு ஒரு வார்த்தை. "போன் ஸ்லோ அண்ணா" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜை. 32 ஜிபி போனில் 300 எம்பி மிச்சம் இருக்கும். மீதி முழுக்க குட்மார்னிங் ரோஜாப்பூ. ஸ்டோரேஜ் கழுத்து வரை நிறைந்துவிட்டால் எழுதுவது இழுக்கும். கேமரா திணறுவதற்கு ராம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இன்னொன்று, "4+4 ஜிபி" என்று கூடுதல் ராம் ஆன் பண்ணி வைத்திருக்கிறாயா? அது ராம் இல்லை தம்பி. ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி ராம் மாதிரி நடிக்க வைப்பது. ராமோடு பார்த்தால் ஸ்டோரேஜ் ரொம்ப மெதுவு. அதற்கு மேல், எழுதி எழுதித் தேயவும் செய்யும். ஆண்ட்ராய்டு தன் பழைய வழக்கப்படி தூங்குகிறவர்களைச் சுருக்கி ராமுக்குள்ளேயே மடித்து வைப்பதற்குக் காரணமே அதுதான்.

வியாசர்பாடி கேரம், 11.10

ரெட்டைப் போட வேண்டும் என்று போர்டையே கவிழ்க்கிறீர்கள் தலைவரே. எந்தக் காய் இடைஞ்சல் என்று பார்த்து அதை மட்டும் அடியுங்கள். பேட்டரி யூசேஜில் யார் தின்கிறார் என்று பெயரோடு போட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 13இலிருந்து நோட்டிஃபிகேஷனை முழுக்க கீழே இழுத்தால் பின்னால் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைத் தனியாகக் காட்டும், பக்கத்திலேயே ஸ்டாப் இருக்கும். சதுர பட்டனில் தெரிகிற வரிசை அது இல்லை. அந்த வரிசை நீங்கள் எங்கெங்கே போய் வந்தீர்கள் என்பதற்கான பட்டியல்தான். நேற்று மறுபடி ஆன் பண்ணிய போனிலும் பழைய கார்டுகள் நிற்கும், உள்ளே உயிரே இருக்காது.

கொருக்குப்பேட்டை கேட், 11.18

சர்வீஸ் அண்ணே, கூடுதல் ராம் ஆன்தான். கடைக்காரர் அதைச் சொல்லித்தான் போனையே விற்றார். யார் ராமைத் தின்கிறார் என்று எங்கே பார்ப்பது?

எம்.சி. ரோடு சர்வீஸ், 11.25

அபவுட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் மெமரி என்று இருக்கும், போனுக்குப் போன் இடம் மாறும். மூன்று மணி நேரக் கணக்கை எடுத்துப் பார். அங்கே வேறு எதையும் நோண்டாதே. பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட் என்று ஒன்று இருக்கும், ஆசையாக இருக்கும், தொடாதே. அப்புறம் வேலைச் செயலியின் பேட்டரி செட்டிங்கை அன்ரெஸ்ட்ரிக்டட், அதாவது கட்டுப்பாடு இல்லை, என்று மாற்று. சதுர பட்டனில் அந்தக் கார்டுக்குப் பூட்டுப் போடுகிற வசதி உன் போனில் இருந்தால் பூட்டிவிடு, கிளியர் ஆல் அதைத் தொடாது. ராயபுரத்தாரே, அப்பாவின் வாட்ஸப்புக்கும் இதே இரண்டு வேலை.

ராயபுரத்தான், 11.32

செய்கிறேன். ஆனால் தம்பி, தூங்குகிறவர்களை எழுப்பி விரட்டுவதால் லாபம் என்று மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு நாள் வேலை நடந்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு நாள் தள்ளி, ஒரு நாள் தள்ளாமல் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட், நான்கு நாள் கழித்து, இரவு 11.40

பார்த்தேன். பட்டியலில் சிஸ்டத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது அக்கா மகன் ஏற்றி வைத்த ஒரு கார் ரேஸ். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுப் போனவன், புதன்கிழமை வரைக்கும் என் ராமில் குடியிருந்தான். அதற்குக் கீழே போனோடு வந்த இரண்டு ஷாப்பிங் செயலிகள். நான் ஒரு நாள்கூடத் திறந்தது இல்லை. ரேஸை அழித்தேன். அந்த இரண்டையும் அழிக்க விடவில்லை, டிஸேபிள் பண்ணினேன். கூடுதல் ராமை ஆஃப் செய்து, போனை ஒரு முறை அணைத்துப் போட்டேன். வாட்ஸப் வீடியோக்களைக் கழித்ததில் ஐந்து ஜிபி காலியானது.

இப்போது கணக்கு. முதல் நாள் தள்ளாமல் ஓட்டினேன், பதினான்கு ஆர்டர், இரண்டு முறை வட்டம் சுற்றியது. அடுத்த நாள் தள்ளி ஓட்டினேன், பன்னிரண்டு ஆர்டர், ஒரு முறை. முன்பெல்லாம் இரண்டு ஆர்டருக்கு ஒரு முறை சுற்றும். ஆக, பெரிய வேலையைச் செய்தது கிளியர் ஆல் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்றால் நான்தானே முன்னால் இருக்கிறேன்?

ராயபுரத்தான், 11.52

பதினான்குக்கு இரண்டும் பன்னிரண்டுக்கு ஒன்றும் பெரிய வித்தியாசமா தம்பி? ஒரு மாசம் ஓட்டினால் தலைகீழாகவும் வரலாம். ஆனால் படி ஏறும் நேரத்தில் செய்து வைக்கிறேன் என்றீர்களே, அதற்கு என்னிடம் இன்னும் நேரான பதில் இல்லை. 3 ஜிபி போன் ஒன்றைக் கையில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் பேசிவிட்டேன்.

திருவொற்றியூர் டீச்சர், காலை 6.15

அப்பாவுக்குச் சத்தம் வந்ததா, அதைச் சொல்லவில்லையே?

ராயபுரத்தான், 6.40

வந்தது டீச்சர். இரண்டு பத்துக்கு. வாட்ஸப்புக்குப் பூட்டுப் போட்டு, பேட்டரியில் அன்ரெஸ்ட்ரிக்டட் வைத்தேன். ஐஸ் வண்டி இரண்டே முக்காலுக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டது. ராக்கெட்டை நான் கேட்காமல் அழித்துவிட்டேன், அதுதான் வீட்டில் இப்போது பிரச்சினை. சாப்பிட்டு முடித்துப் போனை எடுத்தவர் பத்து நிமிடம் அங்கும் இங்கும் தேடினார். "போன் கனமா இருக்குடா, அந்த ராக்கெட்ட எங்க வச்ச?" என்று கேட்கிறார்.