சேவைச்சரத்தை அமர்த்துவதா, இருத்துவதா?

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, ஃபயர்வால் (வலைக்காவல்) போன்ற மென்பொருள் பகுதிகள் வரிசையாகத் தரவைக் கையாளும் சேவையைச் 'சேவைச்சரம்' என்கிறேன். அந்தப் பகுதிகளைச் சர்வர்களிலும், அவற்றுக்கு இடையே தரவு போகும் தடத்தை இணைப்புகளிலும் பொருத்துவதை ஆங்கிலத்தில் embedding என்பார்கள். இதையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் 'வள ஒதுக்கீடு' என்றே தமிழில் எழுதினால் பாதி விஷயம் விடுபடுகிறது. எவ்வளவு என்பதை ஒதுக்கீடு சொல்லும். எந்த சர்வரில், எந்தத் தடத்தில் என்பதைச் சொல்லாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்தின் 4 மண்டலங்களில் எதற்கு இப்போது நீர்முறை என்பது ஒரு கணக்கு. அந்த நீர் கடைமடை போய்ச் சேர்வது வேறு கணக்கு.

3 சர்வர்களில் தலா 3 கோர் (செயலியின் கணிப்பு அலகு) காலி என்று வைப்போம். ஒரு சேவை ஃபயர்வாலுக்கு 2, வீடியோ மாற்றிக்கு 4, சுமைப் பகிர்விக்கு 2 என 8 கோர் கேட்கிறது. மொத்தம் 9 இருப்பதால் ஒதுக்கீட்டுக் கணக்கு நேராகிறது. ஆனால் வீடியோ மாற்றிக்கு எந்த சர்வரிலும் இடமில்லை.

தடத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 4 பகுதிச் சரத்தில் 1, 3 பொள்ளாச்சியிலும் 2, 4 பாலக்காட்டிலும் விழுந்தால், 1-லிருந்து 2-க்கும் 3-லிருந்து 4-க்கும் ஒரே ஒளியிழையில் ஒரே திசையில் இருமுறை தரவு போகும். நொடிக்கு 400 மெகாபிட் கேட்ட சேவை 800 எடுக்கும். 500 மெகாபிட் இணைப்பு தாங்காது. தாமதமும் ஏறும்: இழையில் கி.மீ.க்குச் சுமார் 5 மைக்ரோநொடி, 50 கி.மீ.யை 3 முறை கடந்தால் 750 மைக்ரோநொடி. கணுக்களை, அதாவது சரத்தின் பகுதிகளை, முதலில் சர்வர்களில் வைத்துவிட்டுத் தடத்தைப் பிறகு தேடுவதால் வரும் கோளாறு இது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே embedding-ஐ 'அமர்த்தல்' என்கிறேன். வண்டி அமர்த்துவது போல, வேலை முடிந்ததும் விடுவிக்கலாம். 'பதித்தல்' என்றால் குழாய் பதித்த மாதிரி, பெயர்க்கவே முடியாது என்று தொனிக்கிறது.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பிரித்தது சரிங்க. ஆனால் மலையாளத்தில் 'அமர்த்துக' என்றால் அழுத்துவது. பொத்தானை அழுத்தச் சொல்லவும் அதே சொல்தான். இரண்டும் படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள். 'இருத்துதல்' இரு மொழியிலும் உட்கார வைப்பதுதான். அதை 'இருத்தல்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், பொருளே மாறிவிடும். சிலர் எழுதும் 'சேவைக்கோவை'யும் வேண்டாம். இந்தப் பக்கம் கோவை என்றால் ஊர். உங்கள் 'சரம்' நன்று, பூவுக்குப் போல இதற்கும் வரிசை முக்கியம்.

பொள்ளாச்சியிலிருந்து:

ஏற்கிறேன் ஐயா. கணு இருத்துகை, தட இருத்துகை, இடம் மாற்றினால் மறு இருத்துகை. கோர், மெகாபிட் அளவுக்கு மட்டும் ஒதுக்கீடு. பிழைப்பதிவிலும் 'ஒதுக்கீடு தோல்வி' என்று பொதுவாக எழுதாமல், கணு இருத்துகையா தட இருத்துகையா எது தோற்றது என்று எழுதினால், சர்வர் போதவில்லையா இணைப்பு போதவில்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.