ரயில் நிலையத்தில் அறிவிப்புக் குரல் வேண்டுமா?

பேசின்பிரிட்ஜ்:
2023 பிப்ரவரியில் சென்னை சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்பை நிறுத்தி, திரையில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். எல்லாப் பெரிய நிலையங்களுக்கும் அதுதான் வேண்டும். ஒரே வண்டிக்கு மூன்று மொழியில் அறிவிப்பு, நடுவில் விளம்பரம். கைக்குழந்தையோடு காத்திருப்பவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டியிருக்கிறது.

அந்திமல்லி:
எனக்குப் பார்வை கிடையாது. நீங்கள் சொல்லும் திரை எனக்கு வெறும் சுவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று காதில் விழுந்ததும் நின்றுவிடுவேன். வண்டி எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், அப்புறம் ஊர், கடைசியில்தான் நடைமேடை. அது திடீரென்று மாறினால் எனக்கு யார் சொல்வது?

பேசின்பிரிட்ஜ்:
உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் உதவி மையம் இருக்கிறதே, செயலியும் இருக்கிறது. அதற்காக அத்தனை பேர் காதையும் துளைக்க வேண்டுமா?

அந்திமல்லி:
உதவி மையம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே எனக்குத் துணை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

ஒலிக்காரன்:
அரங்குகளில் ஒலிபெருக்கி அமைப்பது என் தொழில். இருவரும் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். உயரமான கூரை, கல் தரை. அங்கே நாலைந்து பெரிய ஹாரன்களை அலறவிட்டால், ஒரு சொல் கூரையில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த சொல் வந்து அதோடு மோதும். புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். சின்ன ஸ்பீக்கர்களை நிறைய, ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தணிந்த குரலில் பேசவிட்டால் சொல் தெளியும், குழந்தையும் தூங்கும். டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் 1989இல் கடூரமான புறப்பாட்டு மணிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மெட்டுகள் வந்தன. அந்நாட்டில் பல நிலையங்களில் பார்வையற்றவர்களுக்குப் படிக்கட்டு இருக்கும் இடத்தைக் காட்டுவது ஒரு பறவைக் குரல். யாருக்கு, எந்த இடத்தில் என்று யோசித்து வைத்த ஒலி அது.

பேசின்பிரிட்ஜ்:
அந்த மெட்டைக் கேட்டதும் கதவை நோக்கி ஓடுகிறார்கள் என்ற புகாரும் அங்கே உண்டு. சரி, ஸ்பீக்கரை நீங்கள் சொல்கிறபடி மாற்றட்டும். அதிலும் நகைக்கடை விளம்பரம் வராது என்று யார் உறுதி தருவார்கள்?

அந்திமல்லி:
விளம்பரத்தை எடுக்கச் சொல்லி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. பல தடவை என் வண்டியின் அறிவிப்பை விழுங்கியதே அதுதான். ஆனால் நடைமேடை எண் என் காதில் விழுந்தாக வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.