அண்ணன் தம்பி ஏழு பேர் என்றால் எத்தனை பேர்? பூர்வீகம் தேடியவர்களின் அனுபவங்கள்

பென்னாகரத்திலிருந்து:

ஒரு வருடமாக எங்கள் குடும்பத்தின் கொடிவழியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்களைத் தேடுவதைவிட, பெரியவர்கள் சொல்லும் சொற்களைச் சரியாகப் பிடிப்பதுதான் பெரிய வேலை என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

எண்பதைத் தாண்டிய அத்தை, "உங்க பூட்டன்கூட சேத்து அண்ணந்தம்பி ஏழு பேரு" என்றார். ஏழு பேரையும் ஒரே தகப்பனுக்குக் கீழே கோடு போட்டு எழுதிவிட்டேன். நான்கு மாதம் கழித்துத் தகரப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அதில் பங்கு பிரித்தவர்கள் மூன்றே பேர், மூவருமே கைநாட்டு. மற்ற நால்வரும் பெரியப்பன், சித்தப்பன் மக்கள். நம் பேச்சில் பங்காளி முழுக்க அண்ணன் தம்பிதானே! "கூடப் பிறந்தவரா, பங்காளியா?" என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

அதே பெட்டியில் இருந்த கிஸ்தி ரசீதில் "1340" என்று இருந்தது. ஏதோ ரசீது எண் என்று விட்டுவிட்டேன். அது பசலி, அதாவது நிலவரிக் கணக்குக்கான வருடம். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும், ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். அப்படியானால் அது 1930-31ல் கட்டிய வரி. உங்களுக்கும் இப்படி ஏதாவது சொல் வழி தவற வைத்ததா?

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயரே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் "காரிமங்கலத்தா". வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பிறந்த ஊரே பெயராகிவிட்டது. ஆண்களுக்கு ஆறு தலைமுறை சொன்ன மாமாவுக்குக்கூடத் தன் சொந்தப் பாட்டியின் பெயர் வரவில்லை. எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது.

கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு எடுத்த ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் கிடைத்தார். கொள்ளுத்தாத்தா இளம் வயதில் இறந்துபோக, பிள்ளைக்காக இவர்தான் நிலத்தை விற்றிருக்கிறார். "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான மாதம்மாள்" என்று எழுதியிருந்தது. படித்ததும் கை நின்றுவிட்டது. என் பெரிய அத்தையின் பெயரும் மாதம்மாள்தான். பேரன் என்றால் பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பார்கள். எங்கள் வீட்டில் பாட்டி பெயரைப் பேத்தி தாங்கியிருக்கிறாள். அறுபது வருடமாக அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறோம்.

ஊத்தங்கரையிலிருந்து:

பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் யாருடைய நிலமோ என்று ஒதுக்கிவிடாதீர்கள், நான் ஒதுக்கினேன். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல். எங்கள் ஊர் 2004 பிப்ரவரி 9ல் கிருஷ்ணகிரிக்கு வந்தது. வீடு நகரவே இல்லை, மாவட்டம் மட்டும் மூன்று. அதேபோல் "கர்ணம்" என்று வந்தால் 1980க்கு முந்தைய ஊர்க் கணக்கர் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த வருடம்தான் பரம்பரைக் கிராம உத்தியோகம் ஒழிந்தது, அப்புறம் வி.ஏ.ஓ.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர்தான் முதல் அடையாளம். அது ஒன்றாக இருந்தால் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

நான் தவறியது வருடத்தில். பாட்டியின் அண்ணன், "உங்க தாத்தா தாது வருஷம் பொறந்தவர்" என்றார். தாது வருஷப் பஞ்சம் மட்டுமே மனதில் இருந்ததால் 1876 என்று குறித்தேன். அப்பா பிறந்தது 1960. எண்பத்துநான்கு வயதில் பிள்ளையா என்று அப்பாவே கேட்ட பிறகுதான், அறுபது வருடச் சுற்றில் 1936லும் ஒரு தாது வந்தது நினைவுக்கு வந்தது. தமிழ் வருடம் சொன்னால், அந்த வயதில் ஊரில் நடந்த இன்னொரு சங்கதியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரூரிலிருந்து:

கோயில் பண்டிகை வரி நோட்டை யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, அதாவது தனியாக வரி கட்டும் குடும்பம். அப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயர் எந்த வருடம் தனித் தலைக்கட்டாக வருகிறதோ, அதற்குச் சற்று முன்புதான் அவனுக்குக் கல்யாணம். என் தாத்தாவின் கல்யாண வருடம் அப்படித்தான் தெரிந்தது.

மீண்டும் பென்னாகரத்திலிருந்து:

பாலக்கோட்டு அனுபவத்தைப் படித்துவிட்டு நேற்று அத்தையிடம் போனேன். பூட்டனுக்குக் கூடப் பிறந்த பெண்கள் உண்டா என்று கேட்டேன். "நீ ஆம்பளைங்களத்தானே கேட்ட" என்றார். இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். மூத்தவரை ஏரியூருக்கும் இளையவரை மேச்சேரிக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூத்தவர் பெயர் அத்தைக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரியூர் போகிறேன்.