ஜமக்காளத்தில் ஒட்டிய சூயிங்கம்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

பவானியிலிருந்து:

எங்களுக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடும் கடை. போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்த ஜமக்காளம் ஆறும் திரும்பி வந்தன. குழம்புக் கறை, குங்குமம் என்றால் சோப்புப் போட்டு அலசிவிடலாம். ஒன்றை விரித்தால், சிவப்புப் பட்டையில் பதினோரு இடத்தில் சூயிங்கம். யாரோ மென்று துப்ப, அதன்மேல் ஊரே உட்கார்ந்து எழுந்திருக்கிறது. நூலுக்குள் இறங்கி, தலைமுடியும் மல்லிகை இதழும் சேர்ந்து கருத்துப் போயிருந்தது.

அப்பா சீமெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். இளகி இன்னும் பரவியது. வெந்நீர் அதைவிட மோசம். அப்புறம் அம்மாதான், "கண்ணு, ஜூஸ் கடைல ஐஸ் வாங்கிட்டு வா" என்றார். பாலிதீன் பையில் ஐஸ்கட்டி போட்டுப் பத்து நிமிஷம் வைத்ததும் கல் மாதிரி இறுகியது. கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பெயர்த்தோம். ஒரு காலைப்பொழுது முழுக்கப் போச்சு. மூன்று இடத்தில் நூலும் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குழித்தறியில் நெய்த ஜமக்காளம் அது. அடுத்த கல்யாணத்துக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

சிங்கப்பூரில் தடை என்று கேள்விப்பட்டபோது, இதுக்கெல்லாமா சட்டம் போடுவாங்க என்று நினைத்தவன்தான் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை. அங்கே இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

திருப்பூரிலிருந்து:

நான் ஆறு வருஷம் இருந்தேனுங்க. முதல் தடவை கிளம்பும்போது, அங்கிருக்கும் சொந்தக்காரக் குழந்தைகளுக்குன்னு எங்க அக்கா ஒரு பாக்கெட் பபிள்கம்மைப் பெட்டியில் வைத்துவிட்டார். வழியனுப்ப வந்த மாமா பீளமேடு ஏர்போர்ட் வாசலிலேயே அதை எடுத்துவிட்டார். மெல்லுவதற்கு அங்கே தடையில்லை. நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, விற்கக் கூடாது, அதுதான் சட்டம். 1992 ஜனவரியில் வந்தது.

காரணம் நீங்க சொன்ன அதே கதைதான், அளவுதான் பெரிசு. 1987-இல் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. சில பேர் கதவு சென்சாரில் சூயிங்கத்தை ஒட்டிவைக்க, கதவு சரியாக மூடாமல் வண்டிகள் நின்றன. லிஃப்ட் பட்டன், தபால் பெட்டி, சாவித் துவாரம் எல்லாவற்றிலும் ஒட்டினார்கள். அடுக்குமாடி வீட்டு வாரியத்துக்கு அதைச் சுத்தம் செய்யவே வருஷத்துக்கு 1,50,000 சிங்கப்பூர் டாலர் செலவானது. 2004 முதல், மருத்துவக் காரணத்துக்கான வகையை மட்டும் பல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வாங்கலாம்.

அது ரப்பர் மாதிரிப் பொருளுங்க. தண்ணீரில் கரையாது, சீக்கிரம் மக்காது. நம்ம ஊரில் விற்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸிலும் மண்டபத்திலும் துப்பினால் அபராதம் கட்டாயம் வேணும்.

பவானியிலிருந்து:

நன்றிங்க. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்க அதைச் சொரண்டுனவங்க கை என்ன பாடு பட்டுச்சோ" என்றார். தை முகூர்த்தத்துக்கு முன்னால் வாடகைச் சீட்டில் சூயிங்கத்துக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.