அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவரையுமா நாடு கடத்துவார்கள்? பார்த்தவர்கள் எழுதுங்கள்

சான் டியேகோவிலிருந்து:
2019இல் ஆபீஸ் நண்பர் ஒருவர் எல்லைக்கு அந்தப்பக்கம், மெக்சிகோவின் திஹுவானாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹெச்-1பி வேலை விசாக்காரனுக்கு எல்லையைத் தாண்டினாலே வயிற்றைக் கலக்கும், தெரியுமே. டாக்கோ கடையில் பக்கத்தில் இருந்தவர் பேசியது அச்சு அசல் கலிபோர்னியா இங்கிலீஷ். ஸ்பானிஷ்தான் உதைத்தது, கடைக்காரர் சொன்ன விலையை என் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். கிரீன் கார்டோடு ராணுவத்தில் சேர்ந்து ஈராக்கில் லாரி ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்தபின் தூக்கமில்லை, போதைப்பழக்கம், வழக்கு, சிறை. தண்டனை முடிந்த அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை, எல்லைக்குக் கொண்டுபோனார்கள். 1996 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பல வழக்குகளில் நீதிபதி நினைத்தாலும் இரக்கம் காட்ட வழியில்லை.

"உறுதிமொழி எடுத்தேனே, அப்போதே குடிமகன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். செப்டம்பர் 11க்குப் பிறகு பணியில் இருந்தவர்கள் ஐந்து வருடம் காத்திருக்காமலே குடியுரிமை கேட்கலாம். ஆனால் கேட்கவேண்டும், தானாக வராது. இவருக்கு யாரும் சொல்லவில்லை. பையிலிருந்து டிடி-214ஐ எடுத்துக் காட்டினார், பணிவிடுப்புச் சான்று. லேமினேட் செய்து வைத்திருந்தார். செத்தால் ராணுவ மரியாதையோடு அமெரிக்காவில் புதைப்பார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

டாலஸிலிருந்து:
அண்ணா, என் ரூம்மேட் கதை வேறு. ராணுவத்துக்கு வேண்டிய மொழி தெரிந்த விசாக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் 2016இல் கையெழுத்துப் போட்டான். அவர்கள் கேட்ட மொழிகளில் தமிழும் உண்டு. அந்த வருடமே திட்டத்தை நிறுத்தி, ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் புதுச் சோதனை வைத்தார்கள். விசாரணையில் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பற்றியே கேள்வியாம். பெற்றவர்கள் வெளிநாட்டுத் தொடர்பு! ஓபிடி, அதாவது படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி, முடிந்தது; ராணுவப் பயிற்சிக்குத் தேதி வரவில்லை. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவான், போலீஸ் கார் தெரிந்தால் தெரு மாறுவான். கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டான்.

நியூ ஜெர்சியிலிருந்து:
நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவரும் உண்டு. ஹெக்டர் பராஹாஸ், ராணுவத்தின் 82ஆவது வான்குடைப் படைப் பிரிவு. திஹுவானாவில் இப்படி நாடு கடத்தப்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்கென்றே ஒரு வீடு நடத்தினார். 2017இல் கலிபோர்னியா ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தார், 2018இல் குடியுரிமை கிடைத்தது. கிரீன் கார்டில் பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் குடியுரிமை விண்ணப்பமான என்-400 போட்டாச்சா என்று வாராவாரம் போனில் கேளுங்கள். நான் என் மச்சான் பையனை அப்படித்தான் அரித்துக்கொண்டிருக்கிறேன்.