கோழி விட்டுவிட்டுப் போன எட்டாவது முட்டை

தை அறுவடை முடிந்து வயல் காலியானதும் எங்கள் ஊர்ப் பக்கம் வாத்துக் கூட்டங்கள் வந்துவிடும். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்றபடி ஊர் ஊராக நகர்கிற கூட்டம். இந்த வருஷம் எங்கள் களத்துக்குப் பக்கத்தில் கிடை போட்டிருந்தவரிடம் எட்டு முட்டை வாங்கி, அடை கிடந்த செங்கோழிக்கு வைத்தோம்.

கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரம் கோழி பொறுமையாக உட்காருமா என்பதுதான் எப்போதும் கவலை. உட்கார்ந்தது. 28ஆம் நாள் பொழுது சாய்வதற்குள் ஆறு குஞ்சுகள் வந்துவிட்டன. ஒன்று கூமுட்டை. எட்டாவதில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே அலகு அசைவது தெரிந்தது. மறுநாள் காலையில் கோழி ஆறு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிட்டது. இந்த முட்டை மட்டும் தனியாகக் கிடந்தது, லேசாக ஆறிப்போய்.

முட்டையோட்டை உரித்துவிடலாம் என்று மகள் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். அத்தைதான் தடுத்தார். முதல் ஓட்டை போட்ட பிறகு வாத்துக்குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்தோலில் இருக்கும் ரத்தத்தை அது உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்தே செத்துவிடும். அத்தை இதை வாழ்க்கையில் பார்த்துத் தெரிந்துகொண்டவர், ஒரே வரியில் சொன்னார்: "அது குடிக்க வேண்டியத இன்னும் குடிச்சு முடிக்கலடி."

சரி என்று ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பக்கத்தில் ஈரத்துணி ஒன்றும் வைத்து, மேலே பல்பு கட்டினோம். வீட்டில் இருப்பதெல்லாம் எல்.இ.டி., அதில் சூடே வராது. மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்புதான் கைகொடுத்தது. மீன் தொட்டிக்கு வாங்கிய வெப்பமானியைப் பெட்டிக்குள் போட்டு, 34, 35 டிகிரியில் நிற்கிற மாதிரி பல்பை ஏற்றி இறக்கினேன். சாயங்காலத்துக்குள் குஞ்சு பாதி வட்டம் உடைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உள்தோல் காய்ந்து காகிதம் போல ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து அந்தத் தோலை மட்டும் ஈரமாக்கினேன். ரத்தக்கோடு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு மேல் மூடியைத் தூக்கிவிட்டேன். மீதியை அதுவே உதைத்துத் தள்ளியது.

வெளியே வந்தது குஞ்சு மாதிரியே இல்லை. நனைந்த துணித்துண்டு மாதிரி கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தது. கண் திறக்கவில்லை. காலைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தொப்புளில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி; பஞ்சில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தொட்டு அதில் வைத்தேன். தொப்புள் ஆறாமல் கிருமி உள்ளே போய்விட்டால் இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பிச் செத்துவிடும் என்று கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. சாப்பிடாமல் செத்துவிடுமோ என்ற பயத்தில் சொட்டுக்குழாயில் குளுக்கோஸ் தண்ணீர் எடுத்து அலகைத் திறந்து விட்டேன். அது மூக்கு வழியாக வந்தது. குஞ்சு தும்மியது, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. என் கை நடுங்கிவிட்டது. குளிர்ந்துபோன குஞ்சுக்கு விழுங்கும் சக்தி இருக்காது. மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அதோடு, பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு அதுவே சாப்பாடு. அதற்கு அப்போது வேண்டியிருந்தது சூடு மட்டும்தான். எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து, மூக்கைப் பஞ்சால் துடைத்து, பெட்டியிலேயே விட்டேன். இரண்டு மணி நேரம் எதுவும் கொடுக்கவில்லை. கால் வெதுவெதுப்பான பிறகுதான் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்தேன். முதல் தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை சப்பென்று ஒரு சத்தம். அத்தை கட்டிலில் படுத்தபடியே "குடிச்சிருச்சா?" என்று கேட்டார். அவரும் தூங்கவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அப்படி ஒரு குளிர். இரண்டு பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துண்டில் சுற்றி நடுவில் வைத்தேன். அதுவும் ஆறியதும் முந்தானைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோது அதன் மயிர் காய்ந்து மஞ்சளாக உப்பியிருந்தது, கண் திறந்திருந்தது.

அன்று முழுக்க ஓயாத கத்தல். தண்ணீர் குடிக்கும், தீனியைப் பார்க்கக்கூடப் பார்க்காது. மகள் ஒரு யோசனை செய்தாள்: கோழியிடமிருந்து ஒரு குஞ்சைக் கொண்டுவந்து இதனோடு விட்டாள். கத்தல் நின்றது. அந்தக் குஞ்சு தீனியைக் கொத்துவதைப் பார்த்துப் பார்த்து இதுவும் கொத்தியது. நான் கொடுத்த எந்த மருந்தையும் விட அந்தத் துணைதான் அதைப் பிழைக்க வைத்தது என்று நம்புகிறேன்.

* * *

அக்கா, உங்கள் குஞ்சின் கதையைப் படித்தேன். எங்களுக்கு மயிலாடுதுறை பக்கம். எங்கள் வீட்டில் குஞ்சு நன்றாகத்தான் பொரித்தது, ஆனால் இரண்டாம் நாள் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, வயிற்றால் தேய்த்துக்கொண்டு கிடந்தது. காரணம் நாங்கள் விரித்த செய்தித்தாள். வழுக்கும் தரையில் பிஞ்சுக் கால் நிற்காது. சாக்குத் துண்டு மாற்றினோம். ஒட்டுப்பிளாஸ்திரியை நீளவாக்கில் வெட்டி, இரண்டு காலும் இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு வளையம் போல ஒட்டினோம். முதல் நாள் குப்புற விழுந்துகொண்டே இருந்தது, பக்கத்திலேயே இருந்து தூக்கி நிறுத்தினோம். நான்காம் நாள் அவிழ்த்தபோது நடந்தது.

ஆனால் கால் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் கால் வளைந்து, முழங்கால் வீங்கினால் அது வழுக்கல் இல்லை, நியாசின் என்ற பி3 வைட்டமின் பற்றாக்குறை. வாத்துக்குஞ்சுக்கு அந்தச் சத்து கோழிக்குஞ்சை விட அதிகம் வேண்டும், ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராமாவது. வெறும் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அது போதாமல் போகலாம். நாங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கலந்தோம். வேகவைத்து மசித்த பட்டாணி, உப்பு போடாமல் வேகவைத்த பொடி மீன் இரண்டும் கொடுத்தோம். கருவாடு வேண்டாம், அந்த உப்பைக் குஞ்சு தாங்காது.

* * *

நீங்கள் இருவரும் பிழைத்த கதை சொன்னீர்கள். நான் சொல்லப்போவது பிழைக்காத கதை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது குஞ்சுகள், எல்லாமே திடகாத்திரமானவை. சத்தாக இருக்கட்டும் என்று தீனியில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துக் கலந்தேன். மழைக்காலம், மூட்டையின் அடியில் லேசாகப் பூஞ்சை பூத்திருந்தது. மாட்டுக்குப் போடுவதுதானே என்று எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தீனியை விட்டன, தள்ளாடின, ஐந்து நாளில் ஏழு போய்விட்டன. புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை விடுகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை மற்ற கோழியினங்களை விட வாத்துக்குஞ்சுதான் துளிகூடத் தாங்காதாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோது வாத்துக்குஞ்சுகளும் செத்தன. காரணத்தைத் தேடிப் போனபோது கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. எனக்கு இதெல்லாம் ஏழு குஞ்சுகளைப் புதைத்த பிறகுதான் தெரிந்தது. பூத்த தீனி வாடை அடித்தால் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். பலவீனமான குஞ்சு என்றால் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

* * *

அக்கா, ஒரு சந்தேகம். தண்ணீரில் எப்போது விட்டீர்கள்? எங்கள் குஞ்சுக்கு இன்று நான்காம் நாள், பாத்திரத்தில் இறங்கத் துடிக்கிறது.

* * *

நீந்த விடாதீர்கள் தம்பி. தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சின் மயிரில் தாயின் எண்ணெய்ப் பசை ஒட்டும், அதனால் நனையாது. கோழி பொரித்த குஞ்சுக்கும் பெட்டியில் வளர்கிற குஞ்சுக்கும் அது கிடையாது. ஊறி, விறைத்துவிடும். நாங்கள் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தோம். அலகும் மூக்கும் முங்க வேண்டும், உடம்பு முங்கக் கூடாது. மூக்கைக் கழுவ முடியாவிட்டால் தீனி அடைத்துக்கொள்ளும். தீனி வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும். அப்புறம், பெட்டியைத் தொட்ட கையைப் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கழுவட்டும். என் மகள் குஞ்சுக்கு முத்தம் கொடுக்கப் போவாள், அதை நிறுத்துவதே பெரிய பாடு.

புண்ணாக்கு பற்றி எழுதியவருக்கு: படித்ததும் எங்கள் மூட்டையைப் போய்ப் பார்த்தேன். அடியில் பூத்துத்தான் இருந்தது. கொட்டிவிட்டேன்.

எங்கள் குஞ்சை ஐந்தாம் நாள் ராத்திரி, கோழி படுத்த பிறகு மெதுவாகச் சிறகுக்குள் தள்ளினோம். காலையில் ஏழாவது ஆளாக வரிசையில் போனது. இப்போது ஆறு வாரம். மற்றவற்றை விடக் கொஞ்சம் சிறிசு, ஓடும்போது கடைசியில்தான் வரும். நெஞ்சில் இறகு முளைத்துவிட்டது. ஆணா பெட்டையா என்று குரல் மாறினால்தான் தெரியும். அத்தை தினமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.