சாக்ரமெண்டோ காப்பகத்தில் 25 தோட்டா போதுமா, போதாதா?

குளத்துக்கரை: கலிபோர்னியாவில் வேட்டைக்கும் இடமுள்ள சாக்ரமெண்டோ பறவைக் காப்பகத்தில் ஒருவர் கையில் 25 தோட்டாதான் இருக்கலாம், ஒரு நாளைக்கு ஏழு வாத்து வரை எடுக்கலாம். அதைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "சாக்ரமெண்டோ காப்பகத்தில் 25 தோட்டாவை வைத்துக்கொண்டு ஏழு வாத்து எடுக்கவே முடியாது, அந்த விதியைத் தூக்க வேண்டும்." படித்ததும் எரிச்சலாகிவிட்டது. ஏழு பறவைக்கு 25 என்றால் ஒன்றுக்கு மூன்றரை தோட்டா. அதுவும் பத்தவில்லை என்றால் கோளாறு தோட்டாக் கணக்கில் இல்லை, சுடுகிற தூரத்தில். 60 கஜத்தில் போகிற ஊசிவால் வாத்தைப் பார்த்து வானத்தைச் சுடுகிறவருக்கு 250 கொடுத்தாலும் போதாது.

இரட்டைக்குழல்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 25 போதாது. நீங்கள் வாத்தை மட்டும் எண்ணுகிறீர்கள். காப்பகத்தை ஒட்டிய வில்லோஸ் ஊர்ப் பக்கம் ஸ்னோ கூஸ் என்ற வெள்ளைக் காட்டுவாத்தும் கூட்டம் கூட்டமாக வருகிறது. ஒரு நாள் வரம்பு வெள்ளைக் கூஸ் 20, அடர்நிறக் கூஸ் 10. வாத்து ஏழு, கூஸ் முப்பது, கையில் 25 தோட்டா. கணக்கு எங்கே உதைக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

குளத்துக்கரை: வரம்பு என்பது மேல் எல்லை, வீட்டுக்குக் கொண்டுபோயே தீரவேண்டிய இலக்கு இல்லை. 25 போதும்.

நீர்முள்ளி: ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்குங்கள். பார்க்கிங்கை விட்டுக் களத்துக்குள் இறங்கிய பிறகு கையில் 25க்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் விதி. நீங்கள் பேசுவது கையிருப்பையா, நாள் முழுக்கச் சுடுவதையா?

இரட்டைக்குழல்: எதுவாக இருந்தாலும் 25 போதாது. தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான எஃகு ரவையின் சங்கதி தெரிந்தவர் இப்படிப் பேசமாட்டார். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8தான். 1991ல் நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயம் தடையானதிலிருந்து ஒரே தோட்டாவில் சுத்தமாக விழுவது குறைந்துவிட்டது. அடிபட்டு விழுந்ததை முடிக்க இன்னும் ஒன்றிரண்டு போகும். அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

குளத்துக்கரை: எண்ணிவிட்டுத்தான் பேசுகிறேன். நம்பர் ஏற ஏற ரவை சிறிதாகும். 2ஆம் நம்பர் எஃகு, ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டாவில் சுமார் 156 ரவை. 4ஆம் நம்பரில் 240. சீசனுக்கு முன்னால் பெரிய காகிதத்தை 40 கஜத்தில் நிறுத்தி, மாடிஃபைட் சோக்கில், அதாவது குழல் வாயை நடுத்தரமாகக் குறுக்கி, ஒரு வெடி விடுங்கள். ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு உள்ளே எத்தனை என்று எண்ணுங்கள். அதையே ஐந்து காகிதத்தில் செய்யுங்கள், ஒன்றை நம்பாதீர்கள். வட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் தெரிந்தால் வாத்து அந்த இடைவெளியில் தப்பும், அல்லது இறக்கை மட்டும் ஒடிந்து விழும். எஃகு தானே இறுகலாகப் போகும்; அது தெரியாமல், வாயை மிகவும் குறுக்கும் ஃபுல் சோக் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் காகிதத்தில் பார்த்துவிட்டு வரட்டும். பெரிய ரவையை ஃபுல் சோக்கில் திணித்தால் குழலே கெடும்.

இறக்கை ஒடிந்த மல்லார்ட் வாத்து என்ன செய்யும் தெரியுமா? கழுத்தை நீட்டித் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்து, அலகு மட்டும் வெளியே தெரிய, சத்தமில்லாமல் கோரைக்குள் நழுவும். 20 கஜத்துக்குள் இருக்கும்போதே உடனே இரண்டாவது வெடி போட வேண்டும், அதற்கு 6ஆம் நம்பர் தனியாக நாலு வைத்திருக்க வேண்டும். 21 வேட்டைக்கு, நாலு இதற்கு. 25 போதும்.

இரட்டைக்குழல்: அப்போ 21தான். நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

குளத்துக்கரை: ஏழு பறவைக்கு 21, ஒன்றுக்கு மூன்று. துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் போடவே சட்டம் விடாது, உள்ளே இடத்தை அடைக்கும் பிளக் எதற்கு இருக்கிறது?

கூழைக்கடா: 25ஆ 21ஆ என்று சண்டை போடும் இருவருமே, அந்த இடத்துக்கு வருகிற பெரும்பாலோர் துப்பாக்கி இல்லாமல் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டீர்கள். ஆறு மைல் கார் பாதையில் வண்டியை விட்டு இறங்காமல் பார்த்தாலே பறவை பத்தடியில் நிற்கும். வண்டிதான் அதற்குப் பழகிய மறைவு, கதவைத் திறந்தால் போச்சு. வேடந்தாங்கலுக்கு வருகிற அதே ஊசிவால் இனம், தட்டைவாயன். நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றின் மேல் கை வைக்க முடியாது. இங்கே வந்ததும் துப்பாக்கி தூக்கியாயிற்று.

இரட்டைக்குழல்: ஆரம்பித்துவிட்டாரையா. அந்தத் தண்ணீரும் புல்லும் யார் காசு? 1934லிருந்து நீர்ப்பறவை வேட்டைக்காரர் வாங்க வேண்டிய டக் ஸ்டாம்ப். இன்று 25 டாலர், அதில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலத்துக்குப் போகிறது.

கூழைக்கடா: அதே ஸ்டாம்பை நானும்தான் வாங்குகிறேன், காப்பக நுழைவுக்கும் அதுவே செல்லும். பங்கு கேட்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீர்முள்ளி: ஸ்டாம்ப் மட்டும் தண்ணீர் கொண்டுவராது. 1937ல் காய்ந்த உவர்நிலப் பண்ணையாக இருந்த இந்தக் காப்பகத்தை, அரசு வேலைத்திட்டமான சிசிசியின் ஆட்கள் கரை கட்டி, மதகு வைத்து ஏரியாக்கினார்கள். 1992ல் வந்த கலிபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கு நீர்ச் சட்டத்துக்குப் பிறகுதான் காப்பகங்களுக்கு நம்பிக்கையான நீர்ப்பங்கு. வசந்தத்தில் நீரை மெல்ல வடிக்க வேண்டும், அப்போதுதான் சேற்றில் வாத்துக்கு விதை தரும் ஸ்வாம்ப் திமோதி புல் முளைக்கும். குதிரைவாலி இனத்துக் காட்டுப்புல் வேண்டுமென்றால் கோடையில் பாசனம் கூடுதலாகத் தர வேண்டும். இலையுதிர்காலத்தில் நான்கு முதல் பன்னிரண்டு அங்குல ஆழம், கிளுவை என்ற சிறு வாத்துக்கும் ஊசிவாலுக்கும் அதுதான் எட்டும். ஒரேயடியாக இரண்டடி நிரப்பினால் விதை அடியில் கிடக்கும், வாத்து மேலே பட்டினி. வெயில் காலத்தில் நீர் தேங்கிச் சூடானால் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு நோய் வந்து கொத்துக் கொத்தாய்ச் சாகும். யாராவது இதைப் பேசுங்கள்.

குளத்துக்கரை: நன்றாகச் சொன்னீர்கள். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த பறவையை 60 கஜத்தில் காயப்படுத்தித் தொலைப்பதற்குத்தான் 25 போதாது என்கிறார் இவர்.

இரட்டைக்குழல்: 60 கஜம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். போன சீசனில் சுழலும் இறக்கை டிகாய் (வாத்தை இழுக்கும் பொம்மை) விஷயத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததைச் சொன்னதாக்கினீர்கள்.

குளத்துக்கரை: அதையும் நீங்களே இழுத்தாயிற்று. கலிபோர்னியாவில் சீசன் தொடக்கத்திலிருந்து நவம்பர் 30 வரை பேட்டரி டிகாய் கூடாது, காற்றில் தானாகச் சுழல்வது மட்டும்தான் செல்லும். "கயிறு இழுத்தால் பரவாயில்லை" என்று எழுதியவர் யார்? இயற்கைக் காற்றைத் தவிர எதனால் சுழன்றாலும் தடைதான்.

இரட்டைக்குழல்: கயிறு பற்றிச் சந்தேகம் கேட்டேன், தீர்ப்புச் சொல்லவில்லை.

கூழைக்கடா: சூரியன் உதிக்க அரை மணி முன்னாலேயே சுட அனுமதி இருக்கிறதே, அந்த மங்கல் வெளிச்சத்தில் மல்லார்ட் பெட்டை எது என்று யாருக்குத் தெரிகிறது? ஏழில் பெட்டை இரண்டுதான்.

குளத்துக்கரை: தெரியாவிட்டால் சுடக்கூடாது. அதற்கும் 25க்கும் சம்பந்தமில்லை.

இரட்டைக்குழல்: சம்பந்தம் உண்டு. வெளிச்சம் வரக் காத்திருந்தால் முதல் பறப்பு போய்விடும். அதற்குப்பின் எல்லாம் உயரத்தில். அப்போது 25 எப்படிப் போதும்?

குளத்துக்கரை: உயரத்தில் போவதை விட்டுவிடுங்கள் என்றுதான் காலையிலிருந்து கத்துகிறேன். ஐந்து காகிதத்தில் அடித்த வட்டங்களைப் படம் எடுத்துப் போடுங்கள், பிறகு பேசலாம்.

இரட்டைக்குழல்: போடுகிறேன். கூஸ் முப்பதுக்கு 25 எப்படிப் போதும் என்று நீங்களும் கணக்குப் போடுங்கள்.

நீர்முள்ளி: கையிருப்பா, நாள் கணக்கா என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

குளத்துக்கரை: எதுவானாலும் 25 போதும்.